சில்லும் சொல்லும்

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ளது பூவரசங்குளம். நெல் மூட்டைகளைப் பெட்டியில் ஏற்றிச் செல்லும் உழவு யந்திரத்தைக் கண்டு, “சில்லுக்குக் காற்றுக் காணாது” என்று அவ்வூர்ச் சிறுவனும் சொல்வான். தமிழகத்து அன்பர் ஒருவர் அதனைச் செவியுற்றால் திகைப்பார். அவருக்குச் சில்லு என்பது உடைந்த துண்டு. நமக்கோ அது சக்கரம். தமிழுக்குள்ளேயே இந்நிலை எனின், மொழி விட்டு மொழி செல்லுங்கால் நேர்வது யாது?

ஜேர்மனியிற் பிறந்த கார்கள் பல நோர்வேயில் ஓடுகின்றன. அவற்றின் பராமரிப்பு நூல்களை ஜேர்மன் மொழியினின்று நோர்வே மொழிக்குப் பெயர்ப்போர் வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகளாதலின் இது எளிதெனத் தோன்றலாம். அவ்வுறவே ஏமாற்றும். ‘ராட்’ என்று ஒன்றுபோல் எழுதப்படும் சொல் ஜேர்மனில் சக்கரம். நோர்வே மொழியிலோ வரிசை.

அதனினும் இடர் தருவது ‘குப்லுங்’ என்னும் ஜேர்மன் சொல். காலால் மிதித்து இயக்கும் கிளச்சும் அதுவே. பின்னே பெட்டியைப் பூட்டும் கொளுவியும் அதுவே. நோர்வே மொழியில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. கொளுவியைச் சோதிக்கச் சொன்ன வரி கிளச்சைச் சோதிக்கும் வரியாக மாறிவிட்டால், திருத்துநர் கிளச்சை ஆராய்ந்து வண்டியை அனுப்பிவிடுவார். தளர்ந்த கொளுவி கழன்று, பாரம் ஏற்றிய பெட்டி நடுவீதியில் தனியே உருளும். பின்னால் சைக்கிளில் வருபவனின் கதி என்ன? வாகனத் துறை மொழிபெயர்ப்புகளை மதிப்பிடும் ஜே2450 என்னும் அளவையில், எழுத்துப் பிழையினும் தவறான கலைச்சொல்லுக்கே கூடிய தண்டம் விதிக்கப்பட்டுள்ளது.

இப்பணிக்குத் தக்காரைத் தேர்வது எங்ஙனம்? நோர்வே மொழி அவருக்குத் தாய்மொழியாதல் நன்று. ஜேர்மன் அறிவோடு, வண்டியின் அடியிற் குனிந்து பார்த்த அறிவும் வேண்டும். இருபொருட் சொற்கள் மலிந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். “இது எந்த உறுப்பு? படம் உண்டா?” என்று வினவுபவர் தக்கவர், வினவாது விரைந்து முடிப்பவர் அஞ்சத்தக்கவர். ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 17100 நியமமும் கூறுகின்றது.

புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகள் இன்று அவ்விரு நாடுகளிலும் வளர்கின்றனர். வீட்டில் சில்லென்றும் வெளியே வேறொன்றென்றும் சொல்லிப் பழகிய அவர்களுக்கு, ஒரு பொருளுக்குப் பல பெயருண்டு என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. யந்திரத்தையும் கற்று அவர்கள் இத்துறைக்கு வருவார்களாயின், முன்பின் அறியாத ஒரு வழிப்போக்கனின் உயிர் அவர்கள் எழுதும் ஒரு சொல்லால் காக்கப்படும்.