எறும்புக்கு எட்டுக் கால்களா?

பூச்சிகளை உயிரோடு படம் பிடிப்பதில் எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு

மாமரத்து இலையில் ஓடும் முசுறு எறும்பைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் சில சமயம் கால்கள் எட்டு இருக்கும். எறும்பின் நிறத்தையும் இடையையும் நடையையும் அப்படியே காப்பியடித்து, முன்னங்கால்களை உணர்கொம்புபோலத் தூக்கிப் பிடித்திருக்கும் குதிக்கும் சிலந்தி அது. ஆனால் கால்களை எண்ண வேண்டுமானால் அவை தெளிவாக விழ வேண்டும். சிக்கலே அங்கேதான்.

பூச்சியின் அசல் அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும்படி நெருங்கினால், லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கினாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 2 மி.மீ.தான். எஃப் 8 என்றால் அதில் பாதி. கண்ணில் ஃபோகஸ் செய்தால் வயிறு மங்கிவிடும். துவாரத்தை இன்னும் இறுக்கிப் பயனில்லை. ஒளி விளிம்பில் வளைந்து சிதறி மொத்தப் படமும் மழுங்கும்.

இந்த நெருக்கத்தில் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் முன்னும் பின்னும் தேடி அலையும். அதை அணைத்துவிடுவதே உத்தமம். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை லென்ஸில் முதலிலேயே முடிவு செய்து, வளையத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்து, உடம்பை மயிரிழை மயிரிழையாக முன்னே சாய்த்து, கண் பளிச்சென்று தெரியும் கணத்தில் கிளிக். இடது கையால் காம்பைப் பிடித்து, லென்ஸை அதே கையில் சார்த்திக் கொள்வது பழைய தந்திரம். காற்றடித்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். முசுறு விஷயத்தில் மட்டும் இது வேண்டாம். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். (ஒடிசாவின் மயூர்பஞ்ச்சில் இதே எறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.) கால்கள் அத்தனையும் வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருந்து, சென்சார் உடலுக்கு இணையாக இருக்கும்படி எடுக்க வேண்டும். இருக்கிற 2 மி.மீ.யை வீணாக்காத கோணம் அது.

அடுத்தது வெளிச்சம். அசல் அளவில் எடுக்கும்போது சென்சாரை அடைவது வழக்கமான ஒளியில் கால் பங்குதான். ஆகவே ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. ஃபிளாஷ் பூச்சிக்கு மிக அருகில் இருப்பதால் முழுச் சக்தி தேவைப்படாது. 32ல் ஒரு பங்கு சக்தியில் பல ஃபிளாஷ்களின் வெட்டு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ஓடும் எறும்பை உறைய வைப்பது ஷட்டரைவிட இந்த வெட்டுதான். 'ஹை ஸ்பீடு சிங்க்' வசதியை இங்கே நம்பக் கூடாது. அது ஒளியைத் துண்டு துண்டாக நீட்டிவிடும்.

வெறும் ஃபிளாஷை வண்டின் பளபளப்பான முதுகில் அடித்தால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். நடுவில் ஒரு ட்ரேசிங் பேப்பர் போதும், ஆனால் அது பூச்சிக்கு எட்டியமட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். விலக விலக விளக்கு சிறுத்து, நிழல் கடுமையாகிவிடும். பின்னணி கன்னங்கரேலென்று வருவதைத் தவிர்க்க, பின்னால் ஒரு இலை இருக்கும்படி கோணத்தை மாற்றினால் ஆயிற்று.

தலை முதல் வால் வரை தெளிவு வேண்டுவோர், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து கம்ப்யூட்டரில் ஒன்றாக்குகிறார்கள். அதற்குப் பூச்சி அசையாமல் இருக்க வேண்டுமே! அதனால் சிலர் அதை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்கிறார்கள். பசையில் ஒட்டுபவர்களும் உண்டு. கொடுமை ஒரு பக்கம் இருக்க, படமும் பொய்யாகிறது. உயிருள்ள பூச்சி அப்படிக் காலை மடக்கி நிற்பதில்லை. பல வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் அவற்றைப் பிடிப்பதே குற்றம்.

அவசியமும் இல்லை. விடியற்காலையில் குளத்தோரப் புல்லில் பனி போர்த்திய தும்பிகள் விறைத்துத் தொங்கும். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அவை பெரும்பாலும் அசைவதில்லை. அதற்குள் இருபது படங்கள் தாராளமாக எடுத்துவிடலாம்.