இறைவனோடு வழக்கு

திருமலை ஏறும் அடியார் கூட்டத்தை நாள்தோறும் காணும் நமக்கு, இறைவனை வாழ்த்தும் குரல் பழகிய ஒன்று. அவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் குரலும் பழையதுதான். அக்குரலை ஒலிக்கும் சிறு நூல் ஒன்றை நண்பர்கள் படிக்க வேண்டுமென விழைகிறேன். அது எலி வீசல் எழுதிய 'இரவு'. 1956-இல் இத்திய மொழியிலும், சுருங்கிய வடிவில் 1958-இல் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்த நினைவு நூல்.

இன்றைய ருமேனியாவிலுள்ள சிகெத் என்னும் ஊரில் 1928-இல் பிறந்த யூதர் வீசல். பகலில் மறைநூல் கற்பதும் இரவில் தொழுகைக் கூடத்தில் அழுவதுமாக வளர்ந்த சிறுவன். 1944-இல், பதினைந்து வயதில், குடும்பத்தோடு அவுஷ்விட்சு வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். தாயும் தங்கையும் அன்றே பிரிக்கப்பட்டனர்.

முதலிரவில் சுற்றி நின்றோர் தமக்குத் தாமே இறந்தோர்க்கான மன்றாட்டை ஓதுகின்றனர். இவன் நெஞ்சில் சினம் மூள்கிறது. அவன் பெயரை நான் ஏன் போற்ற வேண்டும் என்கிறான். ஆயினும் நெருப்புக் குழியை நெருங்கியதும் அதே சொற்கள் அவன் வாயில் வருகின்றன! புத்தாண்டுத் தொழுகையில் ஆயிரக்கணக்கானோர் தலை வணங்க, இவன் மட்டும் குற்றஞ்சாட்டுபவனாய் நிற்கிறான். நோன்பு நாளில் வேண்டுமென்றே உண்கிறான். உண்டபின் உள்ளே பெரும் வெறுமை. 1945 சனவரியில் பனியில் நடத்திச் செல்லப்பட்டபோது, முதிய குரு ஒருவர் தம் மகனைத் தேடி வருகிறார். தந்தை பின்தங்கியதைக் கண்டே மகன் முன்னே ஓடினான் என்பது இவனுக்கு நினைவு வருகிறது. நான் அவ்வாறு செய்யாதிருக்க வலிமை தா என வேண்டுகிறான், யாரிடம்? தான் நம்பாத கடவுளிடம்! நூலின் உயிர் இந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இல்லாத ஒருவனோடு யாரும் வழக்காடுவதில்லை அன்றோ?

நமக்குச் சுந்தரர் நினைவுக்கு வருவது இயல்பே. நம் பக்கத்துக் காளத்தியை, அன்று சித்தூர் மாவட்டமாயிருந்து 2022 முதல் திருப்பதி மாவட்டமான அவ்வூரை, வணங்கிய பின்னரே அவர் ஒற்றியூர் சென்றார் என்கிறார் சேக்கிழார். அங்கே சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்ற சூளுரையை மீறிக் கண்ணிழந்தார். வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல்தான். கச்சியில் ஒரு கண் வந்தது. மறு கண்ணுக்காக ஆரூரில் அவர் பாடிய பதிகத்தில் ஏச்சும் எள்ளலும் மிகுதி. தோழமையின் உரிமை அது.

ஆனால் ஒப்பிடுமுன் நிலைமைகள் ஒன்றா எனப் பார்ப்பது எங்கள் ஆய்வுக்கூடப் பழக்கம். சுந்தரர் சூளுரை தவறியவர். கண்களைத் திரும்பப் பெற்றவர். சிகெத்துச் சிறுவன் எதையும் தவறவில்லை. தாயும் தங்கையும் திரும்பவில்லை. தந்தையும் புக்கன்வால்டு முகாமில் இறந்தார். கடைசியாகத் தந்தை அழைத்தபோது மகன் மறுமொழி கூறவில்லை. அவர் மறைந்ததும் அடிமனத்தில் எழுந்த விடுதலை உணர்வையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். இங்கே பதிகம் இல்லை, அருளும் இல்லை. 'எல்லாம் அவன் சோதனை' என்று இந்நூலை மூடிவைப்போருடன் என்னால் உடன்பட இயலவில்லை.

1979-இல் வீசல் கடவுள்மீது நடக்கும் விசாரணை ஒன்றை நாடகமாக்கினார். முகாமில் கற்றறிந்த பெரியோர் மூவர் ஓரிரவு அவ்வாறே கடவுள்மீது வழக்கு நடத்தியதைத் தாம் நேரில் கண்டதாகக் கூறினார். குற்றவாளி எனத் தீர்த்தபின் அவர்கள் தொழுகைக்கு எழுந்தனராம்.