மண்ணை இழந்த ஆர்க்கிட், செல்வம் தரும் பியோனி

1306-ஆம் ஆண்டு. சீனாவின் சோங் அரசு மங்கோலியரிடம் அடியோடு வீழ்ந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய அரசை மறக்க மறுத்த ஜெங் சிஷியாவ் என்ற முதியவர், சிறிய தாளில் ஓர் ஆர்க்கிட் செடியை வரைந்தார். இருபுறமும் விரியும் சில இலைகள், நடுவே ஒரு பூ, அவ்வளவுதான். வேர் இல்லை, வேர் ஊன்ற மண்ணும் இல்லை. மண் எங்கே என்று கேட்டவர்களிடம், “அந்நியர் பறித்துக்கொண்டது தெரியாதா?” என்றாராம். அந்த ஓவியம் இன்று ஜப்பானில், ஒசாகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்றைக்குப் படித்தவர்கள் பூவைப் பார்த்தே ஆளைப் புரிந்துகொண்டார்கள். ஆளில்லாத பள்ளத்தாக்கிலும் மணக்கும் ஆர்க்கிட், யார் மதிக்காவிட்டாலும் நெறி தவறாதவர். பனியில் பூக்கும் பிளம், துன்பத்தில் தளராதவர். குளிர் நெருங்கும்போது மலரும் சாமந்தி, பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பியவர். மூங்கிலோடு சேர்த்து இவற்றைப் பின்னாளில் ‘நான்கு சான்றோர்’ என்றே அழைத்தார்கள். வாய் திறந்தால் தலை போகும் காலங்களில் தூரிகைதான் பேசியது.

அதிகாரமும் இந்த மொழியை அறிந்தே வைத்திருந்தது. 1974-இல் பெய்ஜிங்கில் ‘கறுப்பு ஓவியங்கள்’ என்று முத்திரை குத்திக் காட்சிக்கு வைத்த படங்களில் ஓவியர் லீ கூச்சானின் தாமரையும் ஒன்று. அதில் எட்டுப் பூக்கள் இருந்தனவாம். அரசு போற்றிய எட்டு மாதிரி மேடைப் படைப்புகளை அவர் கேலி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள்.

இன்று லுவோயாங் நகரையொட்டிய பிங்லே கிராமத்துக்குப் போனால் வீட்டுக்கு வீடு பியோனி வரைகிறார்கள். தூரிகையை முதலில் வெள்ளையில் தோய்த்து, நுனியில் மட்டும் சிவப்பு தொட்டு, தாளில் அழுத்தித் திருப்புகிறார்கள். ஒரே இழுப்பில் நிறம் மங்கித் தேயும் இதழ் வந்துவிடுகிறது. பியோனி என்றால் செல்வம், சிறப்பு. புது வீட்டு வரவேற்பறைக்கும் கடைத் திறப்புக்கும் வாங்குகிறார்கள். இணையத்திலும் விற்பனை நடக்கிறது.

உழவர் குடும்பங்கள் தூரிகையால் பிழைப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அன்று வரைந்தவரின் மனத்தைச் சொன்ன பூ, இங்கே வாங்குபவரின் ஆசையை மட்டுமே சொல்கிறது. இதே பியோனிக்கும் வேறொரு கதை உண்டு. கடுங்குளிரில் பூக்கச் சொல்லிப் பேரரசி வூ ஆணையிட்டபோது, எல்லாப் பூக்களும் பணிந்தன, பியோனி மட்டும் மறுத்தது. அதனால்தான் தலைநகரிலிருந்து லுவோயாங்குக்கு விரட்டப்பட்டது என்பார்கள். படத்தை விற்பவர்கள் அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.