உயிரணுவின் ஏவலர்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு உயர்ந்து நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையிலிருந்தே கோமுகி ஆறு இறங்கி வருகின்றது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுகின்றனர். மலையிலும் அடிவாரத்துச் சிற்றூர்களிலும் மரவள்ளிக் கிழங்கு மிகுதியாக விளைகின்றது.

அறுவடையான கேழ்வரகு மணி உலர்ந்து, பல திங்கள் யாதொரு மாறுதலும் இன்றிக் கிடக்கும். அதனை நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால், ஓரிரு நாள்களில் வெண்ணிற முளை எட்டிப் பார்க்கும். முளைத்த தானியத்தை உலர்த்தி அரைத்த மாவு, முளைக்காத தானியத்தின் மாவைவிட இனிப்பாக இருக்கும். சருக்கரை சேர்த்தவர் எவரும் இலர். அவ்வாறாயின் அவ்வினிப்பு எங்கிருந்து வந்தது?

தானியத்தில் மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அது சருக்கரை மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று பிணைந்த நீண்ட சங்கிலியாகும். இளமுளை அச்சங்கிலியை அப்படியே உண்ண இயலாது. நீர் பட்டவுடன் தானியத்தின் உயிரணுக்கள் விழித்தெழுந்து ஒரு பொருளைச் சுரக்கின்றன. அப்பொருள் சங்கிலியை அறுத்துச் சிறு சிறு சருக்கரைத் துணுக்குகளாக ஆக்குகின்றது. இவ்வாறு உயிரணுவின் வேலைகளை விரைந்து முடித்துத் தரும் பொருள்களுக்கு நொதிகள் என்று பெயர். சோற்றை நெடுநேரம் மென்றால் வாயில் இனிப்புத் தோன்றுவதும் உமிழ்நீரில் உள்ள இத்தகைய நொதி ஒன்றின் செயலே ஆகும்.

உயிருள்ளன யாவும் உயிரணுக்களால் ஆனவை. ஓர் உயிரணு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாயினும், அதனுள் நொடிதோறும் ஆயிரக்கணக்கான வேதியியல் மாற்றங்கள் நிகழ்கின்றன. சருக்கரையை எரிக்க வேண்டின் அடுப்பிலே நெருப்பு மூட்ட வேண்டும். உடலோ, அதே சருக்கரையை 37 பாகை செல்சியசு வெப்பத்தில், புகையும் சுடரும் இன்றி, ஒவ்வொரு படியாக ஆக்சிசனோடு சேர்த்து, அதிலிருந்து வரும் ஆற்றலைக் கைக்கொள்ளுகின்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. நொதி தான் அழியாமல், தன்னிடம் வந்த பொருளை மாற்றி அனுப்பிவிட்டு, அடுத்ததை ஏற்க ஆயத்தமாகின்றது. குருதியின் செவ்வணுக்களில் கரியமில வாயுவை நீரோடு சேர்க்கும் நொதி ஒன்று உளது. அதன் ஒரே மூலக்கூறு ஒரு நொடியில் ஏறத்தாழ 10 இலட்சம் முறை அவ்வேலையைச் செய்ய வல்லது.

இவ்வேவலரை அறிஞர் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. 1833 ஆம் ஆண்டில் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர், முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாவுப்பொருளைச் சருக்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். நொதித்தல் போன்ற செயல்கள் உயிரோடு இருக்கும் அணுவுக்குள்ளேயே நிகழும் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1897 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எடுவர்டு புக்னர், ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். உயிரணு ஒன்றேனும் எஞ்சாத அச்சாறும் சருக்கரையை நொதிக்கச் செய்தது. பின்னர், இளமையிலேயே ஒரு கையை இழந்த அமெரிக்க அறிஞர் சேம்சு சம்னர், பல்லாண்டு முயன்று, 1926 ஆம் ஆண்டில் ஒருவகை அவரை விதையிலிருந்து ஒரு நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்று காட்டினார். முதலில் ஐயுற்றோரும் பின்னர் அதனை ஒப்பினர். 1946 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

புரதம் என்பது யாது? உயிரும் மெய்யுமாகிய 30 எழுத்துகளைக் கொண்டே தமிழின் சொற்கள் யாவும் அமைகின்றன அல்லவா? அதுபோல, 20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்பட்டுப் பல்லாயிரம் புரதங்கள் உண்டாகின்றன. ஆனால், கோத்த மாலை நீண்டு கிடந்தால் பயன் இல்லை. அது வளைந்தும் மடிந்தும் முறுக்கியும் தனக்குரிய வடிவத்தை அடைதல் வேண்டும். இவ்வடிவங்களை ஆராய்ந்தவருள் தலைசிறந்த ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கோ. நா. இராமச்சந்திரன் ஆவார். தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாசன் என்னும் புரதம், மூன்று இழைகள் ஒன்றாக முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954 ஆம் ஆண்டில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும் என்பதைக் காட்ட அவர் தம் துணைவரோடு 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடம், இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

வடிவமே நொதியின் உயிர். நொதியின் மேனியில் ஒரு சிறு குழிவு உண்டு. அக்குழிவில் பொருந்தும் பொருளையே அந்நொதி மாற்றும். இதனைப் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் உள்ள பொருத்தமாக 1894 ஆம் ஆண்டில் எமில் ஃபிஷர் என்னும் அறிஞர் விளக்கினார். வடிவம் கெட்டால் வேலையும் கெடும். வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் நீர்மமாவதில்லை. கொதிநீரில் இட்ட நொதியும் அவ்வாறே சுருண்டு பயனற்றுப் போகின்றது.

பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. பொருந்தும் திறவுகோல் எதுவாயினும் அது திறந்துகொள்ளும். திறப்பதனால் நன்மை வருமா, தீமை வருமா என்று அது ஆராய்வதில்லை. நொதியும் அத்தகையதே. இவ்வுண்மையைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் பயிர் ஒன்றிலும், அந்நகர் அடைந்த துயரம் ஒன்றிலும் காணலாம்.

மரவள்ளியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமரின் என்னும் பொருள் இருக்கின்றது. அதனைச் சிதைக்கும் நொதியும் அதே செடியில் இருக்கின்றது. ஆயினும், லினமரின் உயிரணுவின் உள்ளறையில் அடங்கியிருக்க, நொதியோ அணுவின் புறச்சுவரில் தங்கியிருக்கின்றது. இரண்டும் சந்திக்காத வரையில் தீங்கு இல்லை. ஆடோ மாடோ இலையை மெல்லும்பொழுது அணுக்கள் உடைகின்றன, சுவர்கள் சிதைகின்றன, நொதி லினமரினைத் தொடுகின்றது. அதன் விளைவாக ஐதரசன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிறக்கின்றது. இது தன்னை மேய வரும் உயிர்களிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

அந்நஞ்சு உடலில் என்ன செய்கின்றது? உயிரணுவுக்குள் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவின் ஆற்றலில் பெரும்பகுதி அங்கேதான் வெளிப்படுகின்றது. மூச்சுக்காற்றில் வந்த ஆக்சிசனை அவ்விடத்தில் இறுதியாக ஏற்று நீராக மாற்றுவது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி. சயனைடு அந்நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடுகின்றது. குருதியில் ஆக்சிசன் நிறைந்திருந்தும் உயிரணு அதனைப் பயன்படுத்த இயலாமல் மடிகின்றது. குளம் நிறைய நீர் இருந்தும் மதகு திறவாமையால் வயல் காய்வதைப் போன்ற நிலை அது.

எனினும், மரவள்ளி எத்தனையோ குடும்பங்களின் உணவாகவே இருந்து வருகின்றது. தோலைச் சீவி எறிந்து, கிழங்கைத் துண்டுகளாக நறுக்கி, நிறைந்த நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்து விடுவர். சவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து நீரில் கலக்கி மாவைப் படியவைப்பர். அரைக்கும்பொழுது பிறக்கும் நஞ்சு, நீரில் கரைந்தும் காற்றில் ஆவியாகியும் நீங்கிவிடுகின்றது. அந்நொதியின் பெயரை அறியாத காலத்திலேயே அதன் தீங்கை விலக்கும் முறையை மக்கள் பழக்கத்தால் கண்டறிந்திருந்தனர்.

இனி, அந்நகரின் துயரத்தைக் காண்போர் நொதியின் மற்றொரு முகத்தைக் காண்பர். 2024 ஆம் ஆண்டு சூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்தவருள் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் நாட்கூலி செய்து பிழைத்தவர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உண்டு. அச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது.

ஈஸ்ட்டின் நொதிகள் வெல்லத்தை நொதிக்கச் செய்யும்பொழுது உண்டாவது பெரும்பாலும் எத்தனால் ஆகும். மெத்தனாலோ வண்ணப்பூச்சு, வேதிப்பொருள் முதலியவற்றின் உற்பத்திக்கென ஆலைகளில் செய்யப்படுவது. இரண்டும் நிறமற்றவை, மணத்திலும் சுவையிலும் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆதலின் பேராசை கொண்டோர் மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்கின்றனர். 2023 ஆம் ஆண்டில் மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு உயிர்களைக் குடித்தது.

வியப்புக்குரியது யாதெனில், மெத்தனால் வயிற்றை அடைந்தவுடனே பெருந்தீங்கு செய்வதில்லை என்பதாம். மனிதனின் கல்லீரலில் ஆல்கஹாலை மாற்றும் நொதி ஒன்று உண்டு. எத்தனால் வந்தால், அந்நொதியும் அதனை அடுத்த நொதியும் அதனைப் படிப்படியாக மாற்றிக் காடியில் உள்ள அசெட்டிக் அமிலமாக ஆக்குகின்றன. அவ்வழியிலும் கல்லீரலுக்குக் கேடு உண்டு. மெத்தனால் வந்தால், அதே நொதி அதனையும் ஏற்றுக்கொள்ளுகின்றது. குழிவில் அது பொருந்துகின்றது அல்லவா? அதனை முதலில் ஃபார்மால்டிகைடு ஆக்குகின்றது. அடுத்த நொதி அதனை ஃபார்மிக் அமிலம் ஆக்குகின்றது. இது சிலவகை எறும்புகளின் கடியில் எரிச்சல் தரும் அமிலமே. மனித உடல் இதனை மிக மெதுவாகவே நீக்க வல்லது. ஆகவே அது குருதியில் சேர்ந்து குருதியைப் புளிக்கச் செய்கின்றது. மேலும், மரவள்ளியின் நஞ்சு எந்த நொதியைத் தடுத்ததோ, அதே சைட்டோகுரோம் ஆக்சிடேசை இவ்வமிலமும் தடுக்கின்றது. மிகுந்த ஆற்றலை வேண்டி நிற்கும் பார்வை நரம்பு முதலில் வாடுகின்றது. 10 மில்லிலிட்டர் மெத்தனாலே கண்ணொளியைப் போக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே போக்கக்கூடும்.

இங்ஙனம், வெளியிலிருந்து வந்த பொருளைக் கொடிய நஞ்சாக்கியது உடலின் சொந்த ஏவலரே. அவர்கள்மீது குற்றம் இல்லை. தம்மிடம் வந்ததைத் தமக்குத் தெரிந்த முறையில் மாற்றினர், அவ்வளவே.

நோய்க்குக் காரணமான இவ்வறிவே மருந்துக்கும் வழி காட்டியது. பூட்டின் துளையில் வேறொரு கோலைச் செருகி வைத்தால், தீய திறவுகோல் நுழைய இடமின்றிப் போகும். மருத்துவர் ஃபோமெபிசோல் என்னும் மருந்தை ஊசிவழியாகச் செலுத்துவர். அது கல்லீரல் நொதியின் குழிவை அடைத்துக்கொள்ளும். அது கிடைக்காத இடத்தில், மெத்தனாலைவிட நெருக்கமாகப் பொருந்தும் எத்தனாலை மருத்துவமனையில் அளந்து, குருதியை ஆய்ந்தவாறு கொடுப்பதும் உண்டு. நொதி தடைப்பட்டிருக்கும் நேரத்தில், குருதியைத் தூய்மை செய்யும் பொறியின் துணையால் மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியேற்றுவர். இவையாவும் மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்கவை. மேலும் சாராயம் குடிப்பது நஞ்சை முறிக்கும் என்று எண்ணுவோர் மற்றோர் இடரையே தேடிக்கொள்வர்.

நொதி தன் வேலையை முடிக்கச் சில மணிநேரம் ஆகும். குடித்தவர்க்குப் பன்னிரண்டு மணிநேரமோ, ஒரு நாளோ கழிந்த பின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் கண்மங்கலும் தோன்றுவது இதனாலேதான். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் படுத்திருப்போர் அந்நேரத்தை இழக்கின்றனர். ஆதலின், ஐயத்துக்குரிய சாராயத்தைக் குடித்தவர் எவராயினும், நோயின் அடையாளம் ஒன்றும் இல்லாவிடினும், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுதல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சி மறைப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் உயிருக்கே இறுதியாகிவிடும்.

நொதிக்குக் கண் இல்லை. நன்றும் தீதும் தெரியாது. அதனிடம் எதனைச் சேர்ப்பது, எதனை விலக்குவது என்று தேர்ந்தறியும் பொறுப்பு அறிவுடைய மனிதனுக்கே உரியது. மரவள்ளியின் தீமையை நீக்கி அதனை உணவாக்கிக்கொண்ட மக்களின் அறிவு, தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தது. மெத்தனாலைப் பற்றிய அறிவும் அங்ஙனமே வீடுதோறும் சென்று சேருமாயின், எத்தனையோ கண்களும் உயிர்களும் காக்கப்படும்.