சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது?

உங்கள் வீட்டுக் காரின் முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

ஆட்டோகிராஸ் என்றொரு பந்தயம் உண்டு. திடலில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக வளைத்து ஓட்டி நேரம் கணிப்பார்கள். அங்கே சட்டென்று திரும்புவதே பெரிது. ஆகவே சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாயும்படி வைப்பார்கள், இக்கோணம் கேம்பர். வளைவில் கார் வெளிப்புறம் சரியும்போது அந்த டயர் நிமிர்ந்து, முழு அகலத்தோடு தரையைப் பற்றும். முன் சக்கரங்களின் முன்முனையைச் சற்றே விரித்தும் வைப்பதுண்டு, இக்கோணம் டோ. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கார் திரும்பும்.

பந்தயத்துக்குப் பந்தயம் கணக்கு மாறும். 2002-ஆம் ஆண்டு நம் நாட்டவரான கரம்ஜித் சிங், புரோட்டோன் காரில் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் வாகை சூடினார். மண்பாதை ராலிக்குக் காரைத் தாழ்த்த மாட்டார்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டுமே!

மெர்லிமாவ் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையும் அப்படிப்பட்டதுதானே? நம் பிள்ளைகள் சிலர் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்தினால் கேம்பரும் டோவும் தாமாகவே மாறிவிடும். டயர் ஓரம் தேயும்; மழையில் பிரேக் போட்டால் வழுக்கும். பந்தயக்காரர் தலைக்கவசத்தோடு தனியே ஓட்டுகிறார். நம் காரிலோ குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம். பெரிய குழியில் இடித்தாலும், ஸ்பிரிங் மாற்றினாலும், டயர் கடையில் அலைன்மெண்ட் பாருங்கள். காரைச் செய்தவர் குறித்த அளவையே வைக்கச் சொல்லுங்கள். பந்தயக் கணக்கு பந்தயத் திடலோடு இருக்கட்டும்!