மலைக்கொரு இனம்

தலைநகர் டில்லியிலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மிளகு, ஏலம், குடம்புளி முதலிய தென்னாட்டுப் பண்டங்கள் விற்கப்படுகின்றன. இவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. அதே மார்க்கெட்டின் மீன் கடைகளைச் சுற்றிவரும் சாம்பல் கழுத்துக் காகமோ, டில்லியிலும் திருநெல்வேலியிலும் ஒரே இனமே. ஓர் உயிரினம் நாடெங்கும் பரவியிருக்க, மற்றொன்று சில மலைகளுக்குள் அடங்கிவிடுவது ஏன்?

தடையும் புதிய இனமும்

ஓர் இனத்தின் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, அவற்றிடையே இனக்கலப்பு நின்றுபோனால், ஒவ்வொன்றிலும் தனித்தனி மாறுதல்கள் சேர்கின்றன. பல லட்சம் ஆண்டுகளில் அவை வெவ்வேறு இனங்களாகிவிடுகின்றன. காகத்திற்குச் சமவெளி தடையன்று. குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு அகலாத சிறு பறவைக்கு அதுவே கடல் போன்றது.

சோலைக்காடுகளில் வாழும் நீலநிறச் சிறு பறவை ஒன்று இதற்குச் சான்றாகும். சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் வாழ்வதன் விலாப்புறம் செம்பழுப்பு நிறமானது. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வதன் விலாப்புறம் நீலச் சாம்பல் நிறமானது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழ்வது மூன்றாவது இனம் என 2017இல் அறிவிக்கப்பட்டது. கணவாய்கள் இரண்டு, இனங்கள் மூன்று.

திட்டமிடுவோர் கருதவேண்டியது

இரு மலைகளில் பத்துப் பத்து இனங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவை ஒரே இனங்களாயின் மொத்தம் பத்து, வெவ்வேறாயின் இருபது. ஆகவே, ஓரிடத்தில் உள்ள எண்ணிக்கையை மட்டும் கொண்டு வளத்தை மதிப்பிடுவது போதாது. ஒரு மலையைக் காத்து மற்றொன்றை இழப்பது ஈடாகாது. அங்கு மட்டுமே வாழும் இனம் உலகிலிருந்தே மறைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றல்ல, 39 பகுதிகள் 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டமை இந்நோக்கில் பொருத்தமானதே.

மிளகின் காட்டு உறவினங்களும் இம்மலைகளிலேயே உள்ளன. நாளைய பயிர் ரகங்களுக்கு அவை மூலதனமாகும். உயிரியல் பன்மைச் சட்டம், 2002, உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கவும் வழிசெய்கிறது. அப்பதிவேட்டில் “இங்கு எத்தனை இனங்கள்?” என்பதோடு, “இங்கு மட்டுமே உள்ளவை எவை?” என்ற வினாவும் இடம்பெற வேண்டும். சாலையோ அணையோ திட்டமிடப்படும் வேளையில், முதலில் காணவேண்டியது இரண்டாம் வினாவுக்கான விடையே.