சேவையக மாற்றமும் சாட்சியச் சட்டமும்

அம்பத்தூரில் பழைய தொழிற்சாலைகளுக்கு அருகே இன்று பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஜப்பானின் என்டிடி நிறுவன வளாகம் அவற்றுள் ஒன்று. வாடகையும் வேகமும் கருதிப் பழைய சேவையகத்தை விட்டு இத்தகைய இடங்களுக்கு மாற எண்ணும் தமிழ்ச் செய்தித்தளங்கள் அதைத் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை என்று மட்டுமே கருதுகின்றன. வன்கொடுமைகளை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்துவந்த தளத்துக்கு அது சட்டப் பிரச்சினையும்கூட. அங்குள்ள ஒளிப்படமும் காணொளியும் என்றேனும் நீதிமன்றப் படியேறக்கூடியவை.

2015 ஜூனில் நிகழ்ந்த கோகுல்ராஜ் ஆணவக்கொலையை நினைவுகூர்வோம். வழக்கின் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார்; திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது அப்பதிவு முக்கிய இடம் வகித்தது.

மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வோர் சான்றிதழும் அளிக்க வேண்டும் என்பதை அன்வர் (2014), அர்ஜுன் பண்டிட்ராவ் (2020) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மேலும் ஒருபடி செல்கிறது. அதன் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பொறுப்பாளரோடு வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். கணினி மாறியதாலேயே பதிவு செல்லாததாகிவிடாது. ஒன்றன்பின் ஒன்றாக இயங்கிய கணினிகளை ஒரே கணினியாகக் கொள்ளலாம் என்று பழைய 65பி பிரிவே கூறியிருந்தது.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். ஆகவே மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, தேதியிட்ட பட்டியலாக வேறிடத்தில் வைக்க வேண்டும். நகலெடுத்தபின் ஒப்பிட வேண்டும். புதிய தளத்தில் இடத்தை மிச்சப்படுத்தப் படங்களைத் தானாகவே சுருக்கும் செருகுநிரல்களை அணைத்துவைப்பது நல்லது. அவை மூலப்படத்தையே மாற்றினால் கைரேகை அழிந்துவிடும், படம் எடுத்த நாளும் நேரமும் கூடப் போகலாம். தரவுத்தளம் சற்று வேறானது. இறக்கிய பின் அது பைட்டுக்குப் பைட் ஒத்திராது. ஏற்றுமதிக் கோப்பின் ஹாஷைப் பாதுகாத்து, அட்டவணைதோறும் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்த்தால் போதும்.

தமிழுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. மைஎஸ்க்யூஎல் மென்பொருளின் இயல்புநிலை எழுத்துக்குறியாக்கம் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை லத்தீன்-1 ஆகவே இருந்தது. அக்காலத் தரவுத்தளங்களைக் கவனமின்றி ஏற்றுமதி செய்தால் தமிழ் சிதையும். விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகள் மட்டுமே பதிந்திருந்தால் மூல எழுத்து அந்நகலில் இல்லை. பழைய சேவையகத்தின் ஒப்பந்தம் முடிய ஓரிரு மாதங்களாவது இருக்கும்போதே மாற்றத்தைத் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

சரிபார்ப்பு முடிந்ததும் பழைய பிரதியை அழித்தாக வேண்டும். வெளியிடாத புகைப்படங்களும் தகவல் தந்தோரின் தொலைபேசி எண்களும் அதில் இருக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். அவசரத்தில் பொதுக் கோப்புறையில் விட்டுச்செல்லும் ஒற்றை எஸ்க்யூஎல் கோப்பை, அதன் முகவரியை ஊகிக்கும் எவரும் பதிவிறக்க முடியும். சாட்சியை மிரட்டக் காத்திருப்பவரும்தான்.